கசக்காத விதை

மல்லாட்டையை வறுப்பதைவிட அவித்துச் சாப்பிடுவதுதான் வயிற்றுக்கு நல்லது. உப்பை முதலிலேயே போட்டுவிட வேண்டும். பிறகு போட்டால் ஓட்டோடு நின்றுவிடும், பருப்புக்குள் இறங்காது. எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கான்ஸ்டபிள் கூச்சப்படாமல் சாப்பிடுகிறார். நீங்கள்தான் தட்டைத் தொடவே இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் கிடையாது. இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை, அவ்வளவுதான். செண்பகம் ஸ்டேஷன் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, "அது கசக்கல சாமி, கசக்கவேயில்ல" என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நானும் கேள்விப்பட்டேன். உங்களுக்கு முன்னால் இருந்தவர் மல்லாட்டையை நிலக்கடலை என்று சொல்லுகிற, நெல்லைத் தவிர வேறு விதையைக் கண்ணால் பார்க்காத ஊர்க்காரர். பைத்தியம் என்று விரட்டச் சொன்னார். புதிதாக வந்திருக்கும் இன்ஸ்பெக்டர் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்தில் மேட்டுக்காட்டில் மல்லாட்டை போடும் குடும்பம் என்று தெரிந்ததும், இவருக்கு அந்த வார்த்தை புரிந்துவிடும் என்று நினைத்தேன். புரிந்துவிட்டது. வந்துவிட்டீர்கள்.

என் பெயர் தேவநாதன். பிறந்தது மயிலத்துக்குப் பக்கத்தில், பயிர்ப் படிப்புப் படித்தது கோயம்புத்தூரில். விழுப்புரத்து எண்ணெய்வித்து வியாபாரிகள் சங்கத்தில் விதை பார்க்கும் வேலை எனக்கு. எந்த மூட்டை விதைக்கு ஆகும், எது செக்குக்குப் போக வேண்டும் என்று நான்தான் சொல்லுவேன். நான் வேண்டாம் என்று சொன்ன மூட்டையை விதைத்து ஒருவரும் பிழைத்ததில்லை என்று வியாபாரிகள் சொல்லுவார்கள். அது கொஞ்சம் அதிகப்படி.

முப்பத்தேழாம் வருஷம், மாசி முடியும் நேரம், திண்டிவனம் கிடங்கில் அந்த வண்டை முதலில் பார்த்தேன். புதுச்சேரியில் கப்பலில் வந்து இறங்கிய விதை மூட்டைகள் சில அங்கே வந்திருந்தன. ஓட்டில் குண்டூசித் தலை அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை. உடைத்தால் உள்ளே பருப்பு இல்லை. தவிட்டு நிறத்தில் ஒரு வண்டு இருந்தது, பின்னங்கால் தடித்து. எனக்குத் தெரிந்தவரை மல்லாட்டையில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

ஒரு பூச்சி புதிதாக ஒரு நாட்டில் வந்து இறங்கும்போது கொஞ்சமாகத்தான் இருக்கும். அப்போது பிடித்துவிட்டால் இரண்டு மூட்டையைக் கொளுத்தினால் போதும். ஊன்றிவிட்டதோ, ஜில்லாவையே கொளுத்தினாலும் போகாது. அது எப்போது முட்டையிடுகிறது, எந்த வெயிலில் சாகிறது, வேறு எந்த மரத்தில் பதுங்குகிறது என்பதையெல்லாம் அது பெருகுவதற்கு முன்பே படித்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு கொட்டகை வேண்டும், கண்ணாடிச் சாடிகள் வேண்டும், படித்த பையன் ஒருவன் வேண்டும். ஆகப் பணம் வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். வண்டையும் ஒரு குப்பியில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். குப்பி கைக்குக் கை மாறியது. தலைவர் தாண்டவராயனுக்கு இரண்டு எண்ணெய் மில்; நல்ல மனிதர், சிரித்த முகம். அவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன தேவநாதன், வராத விருந்தாளிக்கு இலை போடச் சொல்றீரு" என்றார். முத்துசாமி என்று ஒரு தரகர், அவர் எப்போதும் தலைவருக்கு ஒத்து ஊதுகிறவர். "வந்துட்டா சொல்லும் ஓய், நானே அதுக்குக் காப்பி வாங்கித் தர்றேன்" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறு வருஷம் சித்திரையில் மறுபடி கேட்டேன். சப்பாத்திக்கள்ளி சீமையிலிருந்து வந்து காடு மேடெல்லாம் அடைத்துக்கொண்டதை நினைவுபடுத்தினேன். அதற்கு முத்துசாமி, கள்ளியைத் தின்ன ஒரு பூச்சி வந்தது போல இந்தப் பூச்சியைத் தின்னவும் ஒன்று வரும், பகவான் கணக்கு அப்படி என்று சொல்லிவிட்டார். தலைவர் மட்டும் அன்று கேலி செய்யவில்லை. கூட்டம் கலைந்தபின் என்னைத் தனியாக அழைத்துத் தோளில் கை போட்டுச் சொன்னார்:

"உம்ம பேச்சு எனக்குப் புரியுதய்யா. ஆனா இவனுங்களுக்குக் கண்ணால பார்க்கணும். யாராவது செத்தாங்களா சொல்லும், ஒரு மாடாவது செத்துச்சா சொல்லும். அன்னிக்கே பணம் வாங்கித் தர்றேன்."

அவர் மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. அவரை இதில் இழுக்காதீர்கள்.

அந்த ஆடியில் மண்டகப்பட்டு பாறைக்குக் கொஞ்சம் தள்ளி, விருத்தாசலம் என்பவருடைய நிலத்தில் ஒரு துண்டைச் சங்கத்தின் மாதிரி வயலாக எடுத்தேன். மூன்று பக்கமும் பாறை, ஒரு பக்கம் பாதை. பூச்சி பரவினாலும் தாண்டிப் போக முடியாத இடம். அதை யோசித்துத்தான் எடுத்தேன். நான் அஜாக்கிரதையானவன் இல்லை.

ஏர் ஓட்ட ராயப்பன் வந்தான். சேரியில் மாதா கோயிலுக்குப் பக்கத்து வீடு அவனுக்கு. வாயில் எப்போதும் புகையிலை அடக்கியிருப்பான், பேச்சு குறைவு. ஏர்ச்சாலில் விதை போட அவன் பெண்டாட்டி செண்பகமும், அவன் தங்கை கோவிந்தம்மாளும் வந்தார்கள். காக்கை ஓட்டுவதற்குச் செண்பகத்தின் பெண் பூமாலையும் கூட வந்திருந்தது. எட்டு ஒன்பது வயது இருக்கும். அதை நான் வரச் சொல்லவில்லை.

விதை போடும் பெண்கள் பருப்பைத் தின்பார்கள். அதை நான் திருட்டு என்று சொல்ல மாட்டேன். ஆடியில் வீட்டில் கேப்பை தீர்ந்திருக்கும், இடுப்பில் கூடை நிறையப் பருப்பு இருக்கும். நாலு சாலுக்கு ஒருதரம் ஒரு பிடி வாய்க்குப் போகும். அதனால்தான் நம் பக்கத்து நிலக்காரர்கள் விதைப் பருப்பில் வேப்பெண்ணெய் பிசறிக் கொடுக்கிறார்கள். தின்னாதே என்று யாரும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எண்ணெயே சொல்லிவிடும். கூடையை வாங்கியதும் பெண்கள் ஒரு பருப்பை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பதை நீங்களும் உங்கள் வீட்டு வயலில் பார்த்திருப்பீர்கள். கசந்தால் அப்படியே துப்பிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். கசக்காவிட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் உண்டு. இன்றைக்குத் தின்றுகொள், நான் பார்க்கவில்லை என்று நிலக்காரர் சொல்லுகிறார். வீட்டில் கல்யாணம் நடந்தவர்கள், பிள்ளை பிறந்தவர்கள் அப்படிக் கொடுப்பார்கள்.

செண்பகம் ஒரு பருப்பை நாக்கில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வேப்பெண்ணெ கலக்கலையா சாமி?"

வேண்டாம் என்று விட்டுவிட்டேன் என்றேன்.

"மேல வெள்ளையா இருக்குதே, சாம்பலா?"

தலையை ஆட்டினேன். விதையில் அடுப்புச் சாம்பல் பிசறுவது வழக்கம்தானே. அவள் திரும்பி, "ஏ கோவிந்தம்மா, நல்ல சாமிடி. கசக்கல" என்றாள்.

கோவிந்தம்மாள் சிரிப்புக்காரி. அதற்குள் அவள் வாய் நிறைந்திருந்தது. "பாத்து அண்ணி, வெதைக்கிறதுல பாதி நம்ம வயித்துல மொளைச்சிடப் போவுது. அறுப்புக்கு நெலத்து ஆண்டே அரிவாள எடுத்துக்கினு வந்துடுவாரு" என்றாள். ராயப்பன்கூடச் சிரித்தான். நான் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றேன். காற்று நன்றாக இருந்தது. என்னை நல்ல சாமி என்று அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

உங்கள் கான்ஸ்டபிள் நிறுத்திவிட்டார். சாப்பிடச் சொல்லுங்கள், இதில் ஒன்றும் இல்லை.

வெயில் சாய்வதற்குள் இரண்டு பேருக்கும் வாந்தி கண்டுவிட்டது, கோவிந்தம்மாளுக்கும் குழந்தைக்கும். செண்பகத்துக்கு இலேசாக வயிற்றைப் பிசைந்ததோடு சரி. ராயப்பனுக்கு ஒன்றும் இல்லை, வாயில் புகையிலை இருந்ததால் அவன் பருப்பைத் தொடவில்லை. மறுநாள் பொழுது விடிந்தபோது கோவிந்தம்மாள் இல்லை. உச்சிக்குள் குழந்தையும் போய்விட்டது. கிராம முன்சீப் சேரிக்குள் வராமல் பாதையிலேயே நின்று விசாரித்துவிட்டு வாந்திபேதி என்று எழுதிக்கொண்டார். சேரியில் ஆடி மாதத்தில் வாந்தியெடுத்துச் செத்தால் வேறு என்ன எழுதுவார்? அவரையும் இதில் குறை சொல்ல முடியாது.

வண்டு துளைத்த பருப்பைத் தின்று மனிதர்கள் சாவதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். சங்கக் கிடங்கில் கம்பளிப்பூச்சிக்கு வைக்கும் பாஷாணப் பொடி எப்போதும் இருக்கும். விதைப் பருப்பில் பிசறியிருந்தது அதுதான். அதற்கு ருசியும் கிடையாது, வாசனையும் கிடையாது. வேப்பெண்ணெய் சேர்த்திருந்தால் ஒருவரும் தின்றிருக்க மாட்டார்கள் என்பதால் சேர்க்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மெதுவாகவே சொல்லுகிறேன்.

அந்த இரண்டு பேர்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. அது முக்கியம் என்று நினைக்கிறேன். கோபத்தில் செய்கிறவன் அளவு தெரியாமல் செய்துவிடுவான். நான் ஊர்க்கிணற்றில் போடவில்லை, சந்தையில் விற்கவில்லை. ஒரு துண்டு நிலம், இரண்டு கூடை. அதுவும் யாரும் வந்து கேள்வி கேட்காத வீட்டுப் பெண்கள். விருத்தாசலம் வீட்டுப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் விழுப்புரத்திலிருந்து டாக்டர் வந்திருப்பார், வயிற்றை அறுத்துப் பார்த்திருப்பார்கள், வண்டின் பேச்சே எடுபட்டிருக்காது. கொஞ்சம் யோசித்தால் உங்களுக்கும் அது நியாயமாகப்படும்.

தாண்டவராயனை அவர் காரிலேயே கூட்டிவந்தேன். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு சேரி எல்லையில் நின்றார். புது மண் மேட்டில் சின்னச் சிலுவை ஒன்றும் பெரிய சிலுவை ஒன்றும் நட்டிருந்தார்கள், வேலிக்குச்சியைக் கட்டிச் செய்தது. ஓட்டை விழுந்த மல்லாட்டைகளைக் கையில் வைத்துக் காட்டி, இந்த வண்டு தொட்ட பருப்பு விஷமாகிவிடுகிறது, கண்ணால் பார்க்க வேண்டும் என்றீர்களே, பாருங்கள் என்றேன். அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"இது மில்லுக்குள்ள வந்துச்சுன்னா?" என்றார்.

எண்ணெயில் இறங்கும் என்றேன்.

"வெளிய யாருக்கும் சொல்லிடாதேயும். ஜல்தியா ஆக வேண்டியதைப் பாரும்."

அந்த வாரமே பணம் வந்தது. கேட்டதற்கு மேலேயே கொடுத்தார்கள். முத்துசாமிகூடத் தன் பங்கைத் தானே கொண்டுவந்து கொடுத்தார், சிரிக்கவில்லை. தலைவர் நல்லவர் என்று சொன்னேன் அல்லவா? ராயப்பன் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். ராயப்பன் அதை வாங்கிக்கொண்டு என் காலில் விழுந்தான். நான்தான் தலைவரிடம் சொல்லி அரிசியைக் கொடுக்க வைத்தேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். உண்மையும் அதுதான்.

மாதிரி வயலைத் தோண்டி விதையெல்லாம் எடுத்துக் கொளுத்தினேன். பொடி இருந்தது வெளியே வந்துவிடக்கூடாது என்பது ஒரு காரணம். வண்டு பரவக்கூடாது என்பது இன்னொன்று, அதுவும் பொய் இல்லை. பிறகு சங்கத்தின் பெயரில் சுற்றுப்பட்டு நிலக்காரர்களுக்கெல்லாம் ஒன்று சொல்லி அனுப்பினேன். அறுப்புக்குப் பிறகு மண்ணில் தங்கும் காயைச் சேரிக்காரர்கள் கொத்திப் பொறுக்கிக்கொண்டு போவது வழக்கம். அந்தக் காயில் வண்டு ஒளிந்து வீடு வீடாகப் போகும், அதனால் யாரையும் வயலில் இறங்க விடாதீர்கள் என்றேன். நிலக்காரர்கள் உடனே கேட்டார்கள். இந்த மாதிரி யோசனையை அவர்கள் எப்போதும் உடனே கேட்பார்கள். பொறுக்கும் காய் சேரிக்கு இரண்டு மாதச் சோறு. அந்தக் கார்த்திகையில் பெண்கள் வரப்பில் நின்று மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆள் வைத்து விரட்டினார்கள். குப்பம்மாள் என்று ஒருத்தி மட்டும் போகவில்லை. "பூச்சி எங்களையா சாமி தேடிக்கினு வருது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி.

திண்டிவனத்தில் கொட்டகை போட்டோம். சாடிகள் பட்டணத்திலிருந்து வந்தன. ஆதிநாராயணன் என்ற பையனைச் சம்பளத்துக்கு வைத்தேன். படித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான், கண்ணாடி போட்டவன், வேலையில் பைத்தியம். சாடியில் வண்டு முட்டையிட்டால் யாருக்கோ பிள்ளை பிறந்த மாதிரி ஓடிவந்து சொல்லுவான். என் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று கேட்டால் அந்த இரண்டு வருஷத்தைத்தான் சொல்லுவேன். சாயங்காலம் இருவரும் சாடிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம். அவன் வரைவான், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கிப் புதுச்சேரிக்குக் கப்பல் வருவது நின்ற பிறகு, ஒருநாள் கை நிறையப் புளியம்பழத்தோடு வந்தான். மயிலம் சாலைப் புளியமரத்தில் உலுக்கியது. ஓட்டில் வட்டமாக ஓட்டை.

"சார், இது வெளியூர்ப் பூச்சியே இல்ல சார். நம்ம புளியமரத்துல எப்பவும் இருக்கறதுதான். மரத்தடியில காயைக் காயப் போட்டாத்தான் மல்லாட்டைக்குத் தாவுது. அந்தக் கப்பல் மூட்டையைக்கூடத் திண்டிவனத்துல புளியமரத்தடியிலதான் கொட்டி வெச்சிருந்தாங்களாம், விசாரிச்சுட்டேன். களத்தை மரத்தை விட்டுத் தள்ளிப் போட்டுடுங்க, போதும். செலவே இல்ல."

அவன் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். பிறகு அது மெல்ல மங்கியது.

"அப்போ மண்டகப்பட்டுல செத்துப்போனாங்களே, அந்த ரெண்டு பேரு?"

வாந்திபேதி, முன்சீப்பே எழுதியிருக்கிறார் என்றேன். அவனுக்கு நிம்மதியாகிவிட்டது. நல்ல பையன். புளியமரத்து விஷயத்தைச் சங்கத்தில் சொல்ல வேண்டாம் என்றேன், விட்டுவிட்டான். சொல்லியிருந்தால் மறு வருஷத்துப் பணம் நின்றிருக்கும். கொட்டகையை மூடியிருப்பார்கள். பொறுக்கும் காயைத் திறந்துவிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கிறீர்கள். விட்டிருக்கலாம். ஆனால் தடையை எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்களே. அதனால் இன்றுவரை யாரும் பொறுக்குவதில்லை.

குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். விதை போடாத பிள்ளை எப்படிச் செத்தது, விதை போட்டவள் எப்படிப் பிழைத்தாள் என்று. சரியான இடத்தில்தான் கை வைக்கிறீர்கள்.

செண்பகம் சாலில் நடந்துகொண்டே ஒவ்வொரு பிடியாக எடுத்தாள், ஆனால் வாயில் போட்டது ஒன்றோ இரண்டோதான். மீதியை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஏர் திரும்பும்போது வரப்புக்கு வந்து, முடிச்சை அவிழ்த்து மகளுடைய இரண்டு கையிலும் கொட்டினாள். "மெல்ல மென்னு தின்னு கண்ணு, விக்கிக்கும்" என்றாள். எனக்குப் பக்கத்தில்தான், குடை நிழல் அந்தப் பிள்ளையின் தலையில் பாதி விழுந்தது. பூமாலை ஒரு பருப்பை எடுத்து என்னிடம் நீட்டியது. எனக்கு வேண்டாம், நீ தின்னு என்றேன்.

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கோவிந்தம்மாளுக்கும் கேட்டிருக்கும், எல்லோரும் துப்பியிருப்பார்கள், எல்லாம் அங்கேயே நின்றிருக்கும். பொடியைக் கலந்தவன் நான், கசப்பை எடுத்தவன் நான், அந்த வார்த்தையைச் சொல்லாதவனும் நான். மூன்றையும் தெரிந்தே செய்தேன். ஆனால் ஒன்று, அந்தக் கையில் கொட்டியது அவள்தான். அதற்காக அவள்மேல் நீங்கள் எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து, கசக்கல கசக்கல என்று சொல்வது உங்களிடம் இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். நான் அவளை மன்னித்துவிட்டேன்.

கிளம்பலாம். சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன். ஆதிநாராயணனிடம் மட்டும் சாடிகளில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். வெறும் புளியமரத்து வண்டு, அதற்குப் போய் இரண்டு உயிரா என்று நாளைக்குக் கோர்ட்டில் எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அது வெறும் புளியமரத்து வண்டுதான் என்று கண்டுபிடிக்கப் பணம் வேண்டியிருந்ததே, அதை யாராவது நினைத்துப் பார்ப்பார்களா?